கூட்டிச் சொன்ன அரை மீட்டர்

கடலைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்குகிறவன் நான். படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் கடலோர வானிலை அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கால் ஆடும் நாற்காலி, ஒரு மைக். தினமும் காலை ஐந்தரை மணிக்கு அந்த மைக்கை அருகில் இழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைய கடல் நிலையை வாசிப்பேன். காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வேகம், அலை எத்தனை மீட்டர், கடல் எத்தனை மணிவரை ஏறும், எத்தனை மணிவரை வற்றும். துறை முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும். படகுக்காரர்களின் கைப்பேசிக்கும் அதே தகவல் போகும். என் குரல் கம்பீரமானது என்பது என் அபிப்பிராயம். வேறு யாரும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

கட்டிப்போட்ட படகில் ஏறினாலே எனக்குக் குமட்டும். ஆகவே என் வீட்டில் கடலுக்குப் போகிறவள் என் மனைவி. எதிரே இருக்கும் தீவுக்கும் எங்கள் துறைக்கும் நடுவில் ஆள் ஏற்றிப் போய்வரும் ஏழாம் நம்பர் படகு அவளுடையது. நான் அலையைச் சொல்வேன், அவள் அலையில் போவாள். இதை நான் விருந்தாளிகளிடம் சொல்லும்போது, ஏதோ சரிபாதி வேலை போல என் முகம் இருக்குமாம்.

இனி நான் செய்துகொண்டிருந்த திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், அலை ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் என்று ஒரு நாள் வாசித்தேன். வந்தது ஒன்று புள்ளி ஏழு. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு மீன்படகு கவிழ்ந்தது. யாரும் சாகவில்லை. ஒருவருக்குக் கால் முறிந்தது. மூன்று வாரம் கழித்து அவர் ஊன்றுகோலோடு என் அலுவலகத்துக்கு வந்து, கைப்பேசியை எடுத்து, அன்றைய என் அறிக்கையை எனக்கே வாசித்துக் காட்டினார். ஒரு வசவு இல்லை. வாசித்தார், போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் எதைச் சொன்னாலும் அதோடு அரை மீட்டர் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்று என்றால் ஒன்றரை, ஒன்றரை என்றால் இரண்டு. படகுக்காரர்களின் பாதுகாப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது என் பாதுகாப்புக்காக. சொன்னதைவிடக் கடல் அமைதியாக இருந்தால் ஊன்றுகோலோடு யாரும் வரப்போவதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. யாருக்கும் தெரியாது என்று மனப்பால் குடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். கடலுக்குள் நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கும் மஞ்சள் மிதவை, அலையை அளந்து நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்கு அனுப்பும். அந்தக் கணக்கை ஒரு பக்கமும் என் அறிக்கைகளை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டையும் குடித்தார். மனம் இளகவில்லை.

"சார், தப்பு பண்றவங்க ரெண்டு பக்கமும்தான் தப்பு பண்ணுவாங்க. ஒரு நாள் கூட சொல்வாங்க, ஒரு நாள் குறைச்சு சொல்வாங்க. நீங்க பதினோரு வருஷமா ஒரே பக்கமா பண்ணியிருக்கீங்க. அதுவும் அளந்து வச்ச மாதிரி அரை மீட்டர்."

"அது வந்து மேடம், ஒரு ஜாக்கிரதைக்காக..."

"புரியுது சார். நாளைல இருந்து கம்ப்யூட்டர் சொல்றதை அப்படியே குடுத்துடுங்க. ஆனா முதல்ல ஒரு வாரத்துக்கு, இதுவரைக்கும் அரை மீட்டர் கூட்டிச் சொன்னோம், இனிமே கூட்டலைன்னு ஒரு வரி கீழ சேத்துடுங்க. ரொம்ப முக்கியம் சார் அது."

நல்ல பெண். திட்டவில்லை, மேலே எழுதிப் போடவும் இல்லை. ஒரே ஒரு வரிதான் கேட்டார்.

மறுநாள் விடியற்காலை அந்த வரியை நான் தட்டச்சு செய்தேன். செய்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பதினோரு வருஷமாக உங்களிடம் புளுகிக்கொண்டிருந்தேன் என்று ஒலிபெருக்கி வைத்து நானே அறிவிப்பது போல இருந்தது. துறையில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. கூடை தூக்குகிறவர்கள்கூட என்னைக் கண்டால் வழிவிடுவார்கள். இளவட்டங்கள் மட்டும் நான் போகும்போது "அரை மீட்டர் வர்றாருடா" என்று கிசுகிசுப்பார்கள். அது என் உயரத்தைப் பற்றிய கிண்டல் என்று நினைத்துத் தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ ஒரு ஜோடி வாங்கியிருந்தேன். மற்றபடி என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. அதைப் போய் ஒரு வரியில் கெடுத்துக்கொள்வானேன்? சரியான எண்ணைச் சொல்லப் போகிறேன், அவ்வளவுதானே, பழைய கதையைச் சொல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று அந்த வரியை அழித்தேன்.

அன்றைக்குக் கம்ப்யூட்டர் சொன்ன அலை உயரம், சரியாக இரண்டு மீட்டர்.

"அலை, இரண்டு மீட்டர்" என்று வாசித்தேன். கூட்டாமல் குறைக்காமல் உண்மையைச் சொன்ன பெருமை என் குரலில் தெரிந்திருக்கும். "கடல் காலை ஆறு நாற்பதுவரை ஏறும். அதன்பின் பகல் பன்னிரண்டு ஐம்பதுவரை வற்றும்."

ஆறு மணிக்கு என் மனைவி ஃபிளாஸ்க்கோடு வந்தாள். படகுக்குப் போகும் வழியில் என் மேசையோரம் நின்று ஒரு டீ குடித்துவிட்டுப் போவது அவள் வழக்கம்.

"ரெண்டுன்னு சொன்னீங்களே," என்றாள்.

"ஆமா, ரெண்டு."

"சரி. ஒன்பதே முக்காலுக்குத் திரும்பிடுவேன். மத்தியானம் சேந்தே சாப்பிடலாம்."

அந்த இடத்தில் எனக்கு மூளை இருந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எங்கள் துறையில் படகுக்காரர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அலை இரண்டு மீட்டரைத் தொட்டால், கடல் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் முகத்துவாரத்துக்குள் நுழையக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் வேகமாக வெளியே ஓடும், அலை உள்ளே வரும், இரண்டும் மோதி நடுவில் சுவர் எழுப்பியது போல நிற்கும். தண்ணீர் திரும்பும்வரை வெளியே காத்திருந்துதான் வர வேண்டும். ஒன்பதே முக்கால் என்பது வற்றம் முழு வேகத்தில் இழுக்கும் நேரம். இரண்டு மீட்டர் என்று கேட்டுக்கொண்டே ஒன்பதே முக்காலுக்கு வருகிறேன் என்கிறாளே என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் என் நேர்மையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்கு வேலை ஓய்ந்ததும், என் உண்மையான எண்ணைத் துறை எப்படி ஏற்றுக்கொண்டது என்று பார்க்கக் கிளம்பினேன். பாராட்டு எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன்.

டிக்கெட் கொடுக்கும் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். ஒவ்வொரு நாளும் என் அறிக்கையைக் கேட்டு டிக்கெட்காரர் அதில் எழுதிப் போடுவார். ஒலிபெருக்கியில் வாசித்து முடித்ததும் என் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவேன், ஒரு நாளும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். காற்று, ஏற்றம், வற்றம் எல்லாம் சரியாக இருந்தன. அலை என்ற இடத்தில் மட்டும் 1.5 என்று எழுதியிருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னய்யா இது? நான் ரெண்டுன்னு சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துது சார். அதான் ஒண்ணரை போட்டிருக்கேன்."

"ரெண்டு எப்படிய்யா ஒண்ணரை ஆகும்?"

டிக்கெட்காரர் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாக்கு நுனிவரை வந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவிப்பது தெரிந்தது. கடைசியில் சொல்லிவிட்டார்.

"நீங்க சொல்றதுல அரையைக் கழிச்சுத்தான சார் போடுவோம். பதினோரு வருஷமா அப்படித்தான். எல்லா படகுக்காரங்களும் அப்படித்தான். சரியா இருக்கும் சார், கொஞ்சம்கூட பிசகாது."

"யார் சொன்னது உங்களுக்கு?"

"அக்காதான்."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான் சார். நீங்க வேலைக்கு சேந்த ரெண்டாவது மாசமே கண்டுபிடிச்சுட்டாங்க. 'அவர் பயத்துல அரை மீட்டர் கூட்டிச் சொல்றாரு, நீங்க கழிச்சுக்கோங்க, ஆனா அவருக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிடுவாரு'ன்னு சொன்னாங்க. அதான் நாங்க யாரும் காட்டிக்கலை. இந்தப் பசங்கதான் பேர் வச்சுக் கூப்பிட்டு..."

ஷூவின் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் வரவேண்டிய ஞாபகமா அது. ஊரே என் திருட்டுத்தனத்தைத் தெரிந்துகொண்டு, என் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானோ இவர்களை நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவர்கள்தான் பதினோரு வருஷமாக என்னைச் சுமந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவளும் கழித்திருப்பாள். நான் ரெண்டு என்றேன், அவள் ஒன்றரை என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒன்றரை மீட்டரில் வற்றத்தில் நுழையலாம். மணி ஒன்பது முப்பத்தைந்து. தீவிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டு அவள் முகத்துவாரத்தை நோக்கி வந்துகொண்டிருப்பாள். கரையிலிருந்து பார்த்தால் உடையும் அலையின் முகம் தெரியும், பயம் வரும். கடல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அலையின் முதுகுதான் தெரியும், வழவழவென்று ஒன்றுமில்லாதது போல. அதனால்தான் வருகிறவர்கள் கண்ணை நம்பாமல் எண்ணை நம்புவார்கள். என் எண்ணை.

டிக்கெட்காரரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், படகுகளோடு பேசும் வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர், துறையிலிருந்து பேசறேன், ஓவர்."

கரகரவென்று இரைச்சல். பிறகு அவள் குரல்.

"ஏழாம் நம்பர். என்னங்க, நீங்களா? டிக்கெட் அண்ணன் எங்க? ஓவர்."

"எங்க இருக்க?"

"முகத்துவாரத்துக்கு வெளிய. பத்து நிமிஷத்துல உள்ள வந்துடுவேன். ஓவர்."

"வராத."

"ஏன்?"

அந்த அலைவரிசையில் துறையின் எல்லாப் படகுகளும் கேட்டுக்கொண்டிருக்கும். நம்பினால் நம்புங்கள், பெண்டாட்டி உயிர் போகும் நேரத்திலும் எனக்கு மானம் போகாமல் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

"கடல் கொஞ்சம்... எதிர்பார்த்ததைவிட கொஞ்சம் கூடுதலா இருக்கற மாதிரி..."

"இங்க நல்லாத்தாங்க இருக்கு. நீங்க காலையில சொன்னீங்களே ரெண்டுன்னு, அதுக்கு ஏத்த மாதிரிதான் வர்றேன். ஓவர்."

"ரெண்டுதான்! அதைத்தான் சொல்றேன், ரெண்டு!"

"சரிங்க, ரெண்டுதான். யாரு இல்லைன்னா?"

குழந்தை கையால் செய்த காகிதக் கப்பலைக் காட்டினால், அம்மா 'அடேயப்பா, எவ்வளவு பெரிய கப்பல்' என்பாளே, அந்தக் குரல். பதினோரு வருஷமாக அலையைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் அவள் என்னிடம் பேசிய குரல் அதுதான் என்று அப்போது புரிந்தது. எனக்கு உடம்பு எரிந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊன்றுகோல் மனிதரிலிருந்து ஆரம்பித்து, பயந்தாங்கொள்ளித்தனம், அதிகாரி கேட்ட ஒரு வரி, நான் அழித்தது, ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது கண்ணில் நீர் நின்றது. இப்படி மனம் திறந்து நான் பேசியதே இல்லை.

"சார்," என்றார் டிக்கெட்காரர் மெதுவாக, "பட்டனை அமுக்கலை சார்."

இரண்டாவது தடவை பட்டனை அமுக்கிக்கொண்டு, தேவையானதை மட்டும் சொன்னேன்.

"கேளு. பதினோரு வருஷமா நான் அரை மீட்டர் கூட்டிச் சொன்னேன். நீ கழிச்சுக்கிட்டது எனக்கு இப்பதான் தெரியும். இன்னைக்கு நான் கூட்டலை. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உன்கிட்ட சொல்லலை. எதையும் கழிக்காத. ரெண்டுன்னா முழு ரெண்டு. உள்ள வராத. ஓவர்."

இரைச்சல் மட்டும் வந்தது.

"எனக்குப் பின்னால ரெண்டு மீன்படகு வருது," என்றாள். "அதுங்களையும் திருப்பறேன். ஓவர்."

'என்னங்க' இல்லை. வேறு எந்தப் படகுக்காரரும் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

துறையின் கடைசிவரை ஓடினேன். தடித்த ஷூவோடு ஓடுவது சுலபமில்லை. முகத்துவாரத்தில் அலை எழும்பி வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஏழாம் நம்பர், நான் நினைத்ததைவிட மிக அருகில். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் அதற்குள் நுழைந்திருக்கும். திரும்புவதற்காகப் படகைப் பக்கவாட்டில் காட்டினாள். அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரிய அலை வந்தது. படகு சாய்ந்து, அதன் அடிப்பக்கத்துச் சிவப்பு வர்ணம் தெரிந்தது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் மட்டும் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது, கத்தினேன் என்று டிக்கெட்காரர் பிற்பாடு சொன்னார். அலை கடந்த பிறகு ஏழாம் நம்பர் மேலே வந்தது, மூக்கு கடலைப் பார்த்திருந்தது. போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் திரும்பும்வரை நாலு மணி நேரம் அவர்கள் வெளியே கிடந்தார்கள். நான் வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மற்றப் படகுகளுக்கெல்லாம் பேச்சு வந்துவிட்டது.

"சார், சந்தேகம். காத்து வேகத்துலயும் ஏதாவது கூட்டுவீங்களா? ஓவர்," என்று ஒருவர் கேட்டார்.

"அஞ்சு கிலோமீட்டர்," என்றேன். அன்றைக்கு என் வாயிலிருந்து உண்மையாக வந்துகொண்டிருந்தது.

"அது எங்களுக்குத் தெரியாதே!" என்றார் டிக்கெட்காரர். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஒன்றே முக்காலுக்கு ஏழாம் நம்பர் துறைக்கு வந்தது. பத்தொன்பது பேரும் இறங்கினார்கள். பாதிப் பேர் வாந்தி எடுத்து வெளிறியிருந்தார்கள். ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். ஒரு அம்மாள் மட்டும் என் சட்டைப் பையில் மாட்டியிருந்த அலுவலக அட்டையைக் குனிந்து படித்துவிட்டுப் போனார்.

என் மனைவி கயிற்றைக் கட்டிவிட்டு வந்து டிக்கெட் அறை பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாம ஊர் பூரா சொல்லி வச்சேன். அது என் தப்பு," என்றாள்.

"இல்ல, நான்தான்..."

"நான் பேசி முடிச்சுக்கறேன். உங்க மனசு நோகக் கூடாதுன்னு நெனச்சேன். நேராக் கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஆனா இன்னைக்குக் காலையில, டீ குடிக்கறப்போ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? கூட்டலைன்னு. ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லியிருக்கலாம்."

"பத்தொன்பது பேருங்க."

"இருபது," என்றேன். தன்னை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. என்னால் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். எழுந்து போய்ப் பலகையில் இருந்த 1.5-ஐ உள்ளங்கையால் அழித்தாள். இரண்டு என்று எழுதவில்லை, அழித்ததோடு சரி.

"நாளைக்கு எவ்வளவு?" என்றாள், பலகையைப் பார்த்தபடியே.

மத்தியானக் கணக்கு வந்திருந்தது. பார்த்திருந்தேன். "ஒண்ணு புள்ளி மூணு."

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"முழுசா?"

"முழுசா."

இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் புளுகிய பதினோரு வருஷமும் அவள் ஒரு தடவைகூட என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. எவ்வளவு புளுகுவேன் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும், அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு கடலுக்குப் போனாள். இப்போது கழிக்க ஒன்றுமில்லை என்கிறேன், அவளுக்குப் பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

"வேணும்னா கம்ப்யூட்டர்லயே காட்டறேன், வா," என்றேன்.

எதுக்குங்க, நீங்க சொன்னா போதாதா என்பாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தாள்.